டிஸ்பேர்: ஒரு சொல்லின் வரலாறு



மனிதர்க்குப் பிறப்பும் வளர்ப்பும் சுற்றமும் இருப்பது போலவே சொற்களுக்கும் உண்டு. ஒரு சொல் பிறந்த இடத்தையும், அது நடந்து வந்த வழியையும், அதன் உறவினரையும் அறிந்துகொண்டால், அகராதியில் ஒரே வரியில் அடங்கிக் கிடக்கும் பொருள் நம் கண்முன் விரிந்து உயிர் பெறும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று உங்களோடு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். டிஸ்பேர் என்பது அச்சொல். நம்பிக்கையை இழத்தல், நம்பிக்கையை இழந்த நிலை என்பன அதன் பொருள்.

எத்தனையோ இனிய சொற்கள் இருக்க, இந்தத் துயரச் சொல்லை எடுத்துக்கொண்டது ஏன் என்று நீங்கள் வினவலாம். இச்சொல்லின் இலக்கணத்தை நான் பல ஆண்டுகள் பிழையறக் கற்பித்தேன். அதன் பொருளையோ ஒரு மாணவனிடமிருந்து காலந்தாழ்ந்தே கற்றுக்கொண்டேன். அதனை இறுதியில் கூறுகிறேன். முதலில் சொல்லின் கதையைக் காண்போம்.

இலத்தீன் மொழியில் ஸ்பெஸ் என்றொரு பெயர்ச்சொல் உண்டு. நம்பிக்கை என்பது அதன் பொருள். நம்புதல், நன்மையை எதிர்நோக்குதல் என்ற பொருளில் அதனோடு உறவுடைய வினைச்சொல் ஸ்பெராரே. இவ்வினையின் முன்னே டே என்னும் முன்னொட்டைச் சேர்த்து உரோமானியர் டெஸ்பெராரே என்றனர். டே என்பதற்கு ஒன்றிலிருந்து கீழே, ஒன்றை விட்டு அப்பால் என்று பொருள். மேலிருந்து இறங்குதலைக் குறிக்கும் டிசெண்ட் என்ற சொல்லிலும், சாய்தலையும் தாழ்தலையும் குறிக்கும் டிக்ளைன் என்ற சொல்லிலும் இந்த முன்னொட்டே நிற்கிறது. ஆகவே, டெஸ்பெராரே என்பதைச் சொல்லுக்குச் சொல் விரித்தால், நம்பிக்கையினின்று இறங்குதல், நம்பிக்கையை விட்டு விலகுதல் என்று ஆகும்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் உளங்கொள்ள வேண்டும். நம்பிக்கை இல்லாமை வேறு. நம்பிக்கையினின்று இறங்குதல் வேறு. கல்லுக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் கல் டிஸ்பேர் கொண்டிருக்கிறது என்று எவரும் சொல்லார். மாடியில் நின்றவன்தான் மாடியிலிருந்து இறங்க முடியும். அதுபோல, முன்பு ஒன்றை நம்பியிருந்தவனே நம்பிக்கையினின்று இறங்க முடியும். இச்சொல்லின் முதல் அசையே, இதற்குரியவன் முன்னொரு காலத்தில் எங்கே நின்றான் என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

இலத்தீனிலிருந்து இச்சொல் நேராக ஆங்கில நாட்டிற்கு வந்துவிடவில்லை. அது பிரான்சு நாட்டின் வழியாக நடந்து வந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அந்நாட்டின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. டெஸ்பெராரே என்பது பழம்பிரெஞ்சில் டெஸ்பெரர் எனத் திரிந்திருந்தது. அதிலிருந்து கிளைத்த வடிவங்களே 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் இடம்பெற்று, டிஸ்பேர் என நிலைத்தன.

இவ்வாறு நடந்து வந்தபோது அதன் உருவம் தேய்ந்துவிட்டது. ஸ்பெஸ், ஸ்பெராரே என்ற பழைய முகத்தை இன்றைய டிஸ்பேரில் உடனே அடையாளங் காண முடிவதில்லை. ஆனால் அதன் உடன்பிறப்பாகிய டெஸ்பரேட் என்ற பெயரடை, நேரே இலத்தீன் நூல்வழக்கைப் பின்பற்றி அமைந்தது. எனவே அதில் எஸ், பி, இ, ஆர் என்ற பழைய எழுத்துகள் தேயாமல் நிற்கின்றன. மாணவர் பலர் டெஸ்பரேட் என்பதை எழுதும்போது, டிஸ்பேர் என்ற சொல்லை முழுமையாக எழுதி அதன் பின்னே விகுதியை ஒட்டிவிடுகின்றனர். வேறு சிலர், பிரித்தல் என்ற பொருளுடைய செப்பரேட் என்ற சொல்லைப் போல இடையில் ஏ எழுத்தை இடுகின்றனர். ஸ்பெராரே என்ற வேரை அறிந்தவன் இவ்விரு பிழைகளையும் செய்யான். எழுத்துக்கூட்டலை உருப்போடுவதைவிட வேரை அறிவது எளிது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி இச்சொல்லின் சுற்றத்தாரைக் காண்போம். பிராஸ்பர் என்றால் செழித்தல்; பிராஸ்பெரிட்டி என்றால் செழிப்பு. இவற்றின் நடுவிலும் ஸ்பெஸ் மறைந்து நிற்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரும் கொள்ளும் விளக்கம். நம்பியவாறே நடந்தேறுவது எதுவோ அதுவே செழிப்பு என்று பழைய உரோமானியர் கருதினர் போலும். ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருள் ஒருவர் நம்பிக்கையினின்று இறங்கிவிட்டார். மற்றவர் நம்பிக்கையின்படி வாழ்ந்தார். டிஸ்பேரும் பிராஸ்பரும் அத்தகைய உறவினர்.

உலக மக்கள் அனைவரும் எளிதில் கற்றுக்கொள்ளும் பொருட்டு ஒரு பொதுமொழியை ஆக்கிய சாமனாஃப் என்னும் கண் மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1887ஆம் ஆண்டில் அவர் தம் முதல் நூலை வார்சா நகரில் வெளியிட்டபோது, டாக்டர் எஸ்பெராந்தோ என்று புனைபெயர் பூண்டார். நம்புகிறவன் என்பது அதன் பொருள். நாளடைவில் அப்பெயர் மொழிக்கே பெயராயிற்று. எஸ்பெராந்தோ என்பதிலும் நம் ஸ்பெராரேயைக் கேட்கலாம்.

பூகோளப் பாடத்திலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெயரை நீங்கள் படித்திருக்கிறீர்கள். 1488ஆம் ஆண்டில் பார்த்தலோமியா தியாஸ் என்ற போர்ச்சுக்கீசிய மாலுமி, ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுற்றிச் சென்றார். அங்கே தாம் பட்ட புயலின் கொடுமையால் அம்முனைக்குப் புயல்முனை என்று பெயரிட்டார் என்றும், இந்தியாவுக்குக் கடல்வழி திறக்கும் என்று மகிழ்ந்த அரசர் இரண்டாம் ஜான் அப்பெயரை மாற்றினார் என்றும் கூறுவர். அரசர் இட்டதாகச் சொல்லப்படும் பெயரில் எஸ்பெரான்சா என்ற சொல் இருக்கிறது. அதனைத்தான் நாம் தமிழில் நன்னம்பிக்கை முனை என்கிறோம். புயலைக் கண்டவனுக்குப் புயல்முனை. அதற்கு அப்பாலுள்ள வழியைக் கண்டவனுக்கு நன்னம்பிக்கை முனை. பாறையும் கடலும் இருவருக்கும் ஒன்றே.

உறவினரைக் கண்டது போலவே, உறவினர் போல் நடிப்பவரையும் கண்டுகொள்ள வேண்டும். உயர்ந்ததை விரும்பி முயலுதல் என்ற பொருளில் வரும் ஆஸ்பயர் என்ற சொல், ஒலியாலும் பொருளாலும் ஸ்பெராரேயின் பிள்ளை போலத் தோன்றும். உண்மையில் அது மூச்சு விடுதலைக் குறிக்கும் ஸ்பிராரே என்ற வேறொரு வினையிலிருந்து வந்தது. அதுபோல, டிஸ்பேரின் ஈற்றில் நிற்கும் பேர் என்பதற்கும், இணை என்று பொருள்படும் பேர் என்ற சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒருமுறை ஒரு மாணவன், இணையைப் பிரித்தலே டிஸ்பேர் என்று விடைத்தாளில் விளக்கம் எழுதியிருந்தான். அவன் கற்பனையைப் பாராட்டினேன். மதிப்பெண் தர இயலவில்லை.

பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன்பு ஆங்கிலேயர் நம்பிக்கையை இழக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இழந்தார்கள், அதற்கு அவர்களிடம் சொந்தச் சொல்லும் இருந்தது. வான்ஹோப் என்பது அது. ஹோப் என்றால் நம்பிக்கை. வான் என்பது குறைவையும் இன்மையையும் காட்டும் பழைய முன்னொட்டு. நிலவு தேய்வதைக் குறிக்கும் வேன் என்ற சொல் அதற்கு உறவு. எனவே வான்ஹோப் என்றால் தேய்ந்துபோன நம்பிக்கை எனலாம். 1400ஆம் ஆண்டில் மறைந்த பெருங்கவிஞர் சாசர், தம் கேன்டர்பரிக் கதைகளுள் பாதிரியார் கூறுவதாக அமைந்த பகுதியில் வான்ஹோப் என்ற சொல்லை ஆண்டு, இறையருளின்மேல் கொள்ளும் டிஸ்பேரே அது என்று விளக்குகிறார். பழைய சொல்லும் புதிய சொல்லும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஒன்று வீட்டைவிட்டுப் புறப்படுகிறது, மற்றொன்று குடிபுகுகிறது.

அக்காலத்துச் சமய நூலோர் இதனை வெறும் மனத்துயராக மட்டும் கருதவில்லை. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றும் கிறித்தவ சமயத்தின் தலையாய அறங்கள். அவற்றுள் ஒன்றாகிய நம்பிக்கையைக் கைவிடுவது இறைவனின் கருணைக்கு எல்லை வகுப்பதாகும் என்று கருதி, அதனைப் பெரும்பாவங்களுள் வைத்து எண்ணினர். துன்பத்தில் ஆழ்ந்தவனைப் பாவி என்றும் குற்றம் சாட்டினால் அவன் துன்பம் இருமடங்காகுமன்றோ? இன்று மருத்துவரும் உளநூல் வல்லுநரும் அந்நிலையை ஆறுதலும் சிகிச்சையும் வேண்டுகிற நிலையாகவே காண்கின்றனர். சொல் மாறாதிருக்க, அதனை நோக்கும் கண் மாறியிருக்கிறது.

வான்ஹோப் ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. எனினும் அதன் உடன்பிறப்பு டச்சு மொழியில் இன்றும் வாழ்கிறது. அதன் முன்னொட்டும் ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்லில் ஒளிந்து வாழ்கிறது. கட்டுப்பாடற்ற என்று பொருள்படும் வான்டன் என்பதே அது. நல்ல பயிற்சியோடு வளர்க்கப்படாத என்பது அதன் பழம்பொருள். ஆசிரியர்க்கு இதனைவிடச் சுவையான சொல் வேறு கிடைப்பது அரிது.

டச்சு மொழியைச் சொன்னவுடன் வேறொரு வேடிக்கையும் நினைவுக்கு வருகிறது. ஃபோர்லார்ன் ஹோப் என்றொரு தொடர் ஆங்கிலத்தில் உண்டு. நிறைவேற இடமில்லாத நம்பிக்கை என்று இன்று அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் அது பிறந்தபோது அதில் நம்பிக்கையே இல்லை. கோட்டையைத் தாக்குகையில் முதலில் அனுப்பப்படும் சிறு படையை, இழக்கப்பட்ட கூட்டம் என்ற பொருளில் டச்சுக்காரர் வெர்லோரன் ஹோப் என்றனர். அவர்கள் மொழியில் அந்த ஹோப் என்பது குவியல் அல்லது கூட்டம். ஆங்கிலேயர் அதனைத் தம் ஹோப் என்றே கேட்டுவிட்டனர். கேட்ட பிழையே பொருளாக நிலைத்துவிட்டது!

பிற மொழியினர் இந்நிலையை எவ்வாறு பெயரிட்டழைத்தனர் என்று பார்ப்பதும் பயனுடையது. செருமானியர் வெர்ட்ஸ்வைஃப்லுங் என்கின்றனர். அதன் நடுவே ட்ஸ்வைஃபெல் என்ற சொல் இருக்கிறது. ஐயம் என்பது அதன் பொருள். அதற்குள்ளும் இரண்டு என்னும் எண் பொதிந்திருக்கிறது. இரு வழிகளுக்கிடையே நின்று தவிக்கும் மனமே ஐயப்படும் மனம். அந்தத் தவிப்பு எல்லை கடந்துவிட்டால் அதுவே நம்பிக்கையிழப்பு. டேனிய மொழியிலும் இவ்வாறே. 1849ஆம் ஆண்டில் கீர்க்ககார்டு என்னும் டேனிய அறிஞர், இந்நிலையை ஆராய்ந்து ஒரு தனி நூலே எழுதினார். இலத்தீன் வழியினர் இதனை இறக்கமாகக் கண்டனர். செருமானிய வழியினர் பிளவாகக் கண்டனர்.

ஐயத்திற்கும் நம்பிக்கையிழப்பிற்கும் உள்ள இவ்வுறவைக் கதையாக்கிக் காட்டியவர் ஜான் பன்யன். தம் சமயக் கொள்கைக்காகப் பெட்ஃபர்டு நகரச் சிறையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர் அவர். 1678ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய யாத்திரிகன் கதையில் டிஸ்பேர் ஓர் அரக்கன். ஐயக்கோட்டை என்பது அவனுடைய இருப்பிடம். வழிதவறிய யாத்திரிகனையும் அவன் தோழனையும் அவ்வரக்கன் பிடித்துக் கோட்டைக்குள் அடைக்கிறான். உணவும் ஒளியும் இன்றி வருத்துகிறான். இனி வாழ்வதில் பயனில்லை என்று சொற்களாலும் வாட்டுகிறான். யாத்திரிகன் மனந்தளர்ந்தபோது அவனைத் தேற்றுபவன் தோழன். அத்தோழனின் பெயர் ஹோப்ஃபுல், அதாவது நம்பிக்கையுடையோன். முடிவில், தன் மார்பிலேயே ஒரு திறவுகோல் இருப்பது யாத்திரிகனுக்கு நினைவு வருகிறது. வாக்குறுதி என்பது அதன் பெயர். அது அக்கோட்டையின் கதவுகளையெல்லாம் திறந்துவிடுகிறது. அரக்கனும் எப்பொழுதும் வலியவனாக இருப்பதில்லை; நல்ல வெயில் காயும் நாள்களில் சில வேளை வலிப்புக் கண்டு அவன் கை செயலற்றுப் போகும் என்று பன்யன் எழுதியிருக்கிறார்.

இக்கதையின் தொடக்கத்தில் யாத்திரிகன் ஒரு சேற்றில் விழுகிறான். அச்சேற்றின் பெயர் டிஸ்பாண்ட். இதுவும் மனந்தளர்தலைக் குறிக்கும் சொல்லே. ஆனால் வேர் வேறு. ஸ்பாண்டேரே என்றால் இலத்தீனில் வாக்களித்தல். வாக்களித்துப் பொறுப்பேற்பவர் ஸ்பான்சர். மணவாக்குப் பெற்றவர் ஸ்பவுஸ். வாக்குக்கு மறுவாக்குத் தருவது ரெஸ்பாண்ட். தன் மனத்தைப் பிறிதொன்றிற்கு வாக்களித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதே டிஸ்பாண்ட். சேற்றின் பெயரிலும் வாக்கு. கதவைத் திறந்த கோலின் பெயரிலும் வாக்கு.

இனி இச்சொல்லின் ஆட்சியைச் சிறிது நோக்குவோம். டிஸ்பேர் என்பது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். வினையாக வரும்போது அதன்பின் ஆஃப் என்ற இடைச்சொல் வரும். வெற்றியைக் குறித்து நம்பிக்கையிழந்தான் என்பதற்கு அதுவே மரபு. டு என்பதைச் சேர்த்து எழுதுவது பிழை. பெயராக வரும்போது இன் என்பது முன்னே நிற்கும். டெஸ்பரேட் என்பதன் பொருள்தான் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. முதலில் அது நம்பிக்கையற்ற என்று மட்டும் பொருள்பட்டது. நம்பிக்கை அற்றவன் எதற்கும் துணிவானாதலால், பின்னும் முன்னும் பாராத துணிவைக் குறிக்கலாயிற்று. ஸ்பானியச் சாயலில் டெஸ்பரேடோ என்ற சொல்லும் தோன்றி, எதற்கும் அஞ்சாத கொடியவனுக்குப் பெயராயிற்று. இன்றோ, ஒன்றை மிகமிக வேண்டி நிற்பவனையும் டெஸ்பரேட் என்கிறோம். தண்ணீருக்காகத் தவிப்பவன் டெஸ்பரேட். அவன் தண்ணீர் கிடைக்கும் என்று எண்ணுவதால்தானே தவிக்கிறான்? ஆகவே, நம்பிக்கை அற்றவன் என்று தொடங்கிய சொல், நம்பிக்கையை விட மாட்டாதவன் என்ற இடத்திற்கே வந்து சேர்ந்துவிட்டது.

மருத்துவத்திலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. பிழைக்க வழியில்லாத நோயாளியின் நிலையை டெஸ்பரேட் என்பர். நூறாண்டுகளுக்குச் சற்று முன்புவரை, சிறு வயதில் நீரிழிவு கண்டவர் அனைவரும் அந்நிலையினரே. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடா நாட்டு டொரான்டோ நகர மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் எடுத்த சாறு அது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. காலிப் என்ற வேதியியலறிஞர் அதனை மேலும் தூய்மையாக்கினார். பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் செலுத்தியபோது சிறுவன் தேறினான். பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். சனவரித் தொடக்கத்தில் அவனைக் கண்டோர் நம்பிக்கையில்லை என்று சொன்னது பொய்யன்று. அவர்கள் அறிந்த அளவில் அது மெய்யே. ஆனால் அறிந்த அளவே உலகின் அளவு அன்று என்பதை அத்திங்கள் முடிவதற்குள் கண்டார்கள்.

டிஸ்பேரைத் தமிழில் எவ்வாறு சொல்வது? மொழிபெயர்க்கும் மாணவர் இங்கே தடுமாறுவது இயல்பு. அவநம்பிக்கை என்று எழுதுவர் பலர். வடமொழி முன்னொட்டும் தமிழ்ச் சொல்லும் கூடிய கலப்புச் சொல் அது; ஒருவரை நம்பத் தயங்குவதையே பெரிதும் குறிக்கும். விரக்தி என்பர் சிலர். பற்று நீங்குதல் என்பதே அதன் மூலப்பொருள். துறவிக்கு அது பேறு. வழக்கில் அது மனக்கசப்பைக் குறிப்பதாகத் திரிந்துவிட்டது. நிராசை என்பது இன்னும் வேடிக்கையானது. வடமொழியில் ஆசா என்பது நம்பிக்கையையும் குறிக்கும்; தமிழில் ஆசை என்றால் விருப்பம். ஆகவே நிராசை என்றால் நம்பிக்கை இழந்தவன் நிலையா, விருப்பம் ஒழித்தவன் நிலையா என்ற ஐயம் எழுகிறது. ஏமாற்றம் என்பதோ ஒரு நிகழ்ச்சியைச் சுட்டும். ஒரு நிலையைச் சுட்டாது.

நம் பழைய நூல்களில் கையறுநிலை என்ற அழகிய தொடர் உண்டு. தொல்காப்பியம் இதனைக் கூறுகிறது. புறநானூற்றில், பாரியை இழந்த கபிலர் பாடிய பாடல்கள் பல இத்துறையைச் சேர்ந்தவை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமற் போன நிலை அது. நம்பிக்கையினின்று இறங்குதல் என்று இலத்தீன் சொன்னதை, செயலற்று நிற்றல் என்று தமிழ் சொல்கிறது. ஒன்று மனத்தைப் பார்க்கிறது. மற்றொன்று கையைப் பார்க்கிறது. எனினும் கையறுநிலை பெரும்பாலும் இறந்தாரை எண்ணி வருந்தும் இரங்கற்பாவுக்கு உரியதாகிவிட்டது. ஆதலின், நாள்வழக்கில் நம்பிக்கையிழப்பு என்பதே டிஸ்பேருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. இழப்பு என்ற சொல், முன்பு ஒன்று இருந்தது என்பதை மறவாமல் சொல்கிறதல்லவா?

இப்பொழுது நான் தொடக்கத்தில் கூறிய மாணவனிடம் வருகிறேன். நான் இளம் ஆசிரியனாகப் பத்தாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்த காலம் அது. பத்துச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்து வருமாறு பணித்தேன். அவற்றுள் டிஸ்பேரும் ஒன்று. ஏனையோர் துணைநூலிலிருந்து ஒரே வாக்கியத்தைப் படியெடுத்து வந்தனர். ஒருவன் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தான். தேர்வில் வெற்றி பெறும் நம்பிக்கை எனக்கு இல்லை என்பது அவன் கருத்து. ஆனால் ஆஃப் வரவேண்டிய இடத்தில் டு என்று எழுதியிருந்தான். வினையையும் பிழையாக அமைத்திருந்தான். நான் சிவப்பு மையால் திருத்தி, சரியான வாக்கியத்தைப் பத்து முறை எழுதி வருமாறு கட்டளையிட்டேன். மறுநாள் எழுதிக் கொண்டுவந்தான். அதனைப் பாராமலே ஒப்பமிட்டேன்.

அடுத்த வாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழிந்தபின், அடுக்கி வைத்திருந்த குறிப்பேடுகளை ஒழுங்குபடுத்தியபோது அவனுடையது கையில் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். தேர்வில் வெற்றி பெறும் நம்பிக்கை எனக்கு இல்லை என்று, அழகிய கையெழுத்தில், ஒரு பிழையுமின்றி, பத்து வரிகள். கீழே என் ஒப்பம். ஒரு பிள்ளை தன் துன்பத்தை என்னிடம் ஒரு முறை சொன்னான்; நான் அதனைப் பத்து முறை சொல்ல வைத்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு மாணவர் உளவியலைப் பற்றிப் பாடம் உண்டு. அப்பாடத்தில் நான் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன்.

அன்று மாலையே மிதிவண்டியில் அவன் ஊருக்குச் சென்றேன். தந்தை கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். பையன் ஒரு தேநீர்க் கடையில் குவளை கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "ஐயா, வாக்கியம் சரியாக இருந்ததா?" என்று கேட்டான். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. சற்றுப் பொறுத்து, "உனக்கு எந்தப் பாடத்தில் தேறுவோம் என்ற எண்ணம் இருந்தது?" என்று கேட்டேன். "கணக்கில் இருந்தது ஐயா" என்றான். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கணக்காசிரியரிடம் பேசினேன். கடை வேலை முடிந்தபின் மாலையில் அவன் வந்து படிப்பதென ஏற்பாடாயிற்று. மார்ச்சுத் தேர்வில் கணக்கில் நன்கு தேறினான், ஆங்கிலத்தில் தவறினான். அக்டோபர்த் தேர்வில் ஆங்கிலத்திலும் தேறினான். அவன் பெரும்பதவி அடைந்தான் என்று சொல்லிக் கதையை அழகுபடுத்த நான் விரும்பவில்லை. ஒரு பட்டறையில் பணி பழகி, குடும்பத்தைக் காத்தான். அதுவே எனக்கு நிறைவு.

மாணவ நண்பர்களே, இச்சொல்லின் முதல் அசையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனல்லவா? எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று ஒருவன் சொன்னால், தான் ஒன்றை நம்பியிருந்தேன் என்பதையும் அவன் சேர்த்தே சொல்கிறான். அது என்ன என்று கேளுங்கள். அவன் வாக்கியத்தைத் திருத்தாதீர்கள். அப்படியெல்லாம் சொல்லாதே என்று வாயை அடைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். உங்களால் தாங்க முடியாத செய்தியாக அது இருந்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே சென்று கூறுங்கள். அச்சொல்லை நீங்களே சொல்ல நேர்ந்தாலும், தனியே சொல்லிக்கொண்டிராமல் ஒருவரிடம் சொல்லுங்கள். பன்யனின் யாத்திரிகன் தனியே அக்கோட்டையில் இருந்திருந்தால், மார்பிலிருந்த திறவுகோல் நினைவுக்கு வந்திருக்குமோ என்பது ஐயமே. உடன் ஒரு தோழன் இருந்தான்.

சொற்களைப் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றை எழுதிய கையையும் சற்றுப் பாருங்கள்.